நோன்புக்காரிக்கு என்ன சக்தி

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடுதாசி எழுத உட்கார்ந்தால்கூட இரண்டு வரிக்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் குழம்புகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேத்தி வாயால்தான் சொல்லச் சொன்னாள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். காகிதத்துக்கு முகம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பேத்தி காலேஜில் படிக்கிறாள். லீவு நாளில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் பாய் விரித்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருத்தி கதை சொல்லுவாள். 'மலையடியில் நிற்கிறீர்கள், எதிரே குகை, உள்ளே என்னமோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்' என்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். சண்டைக்காரன், மந்திரக்காரி, திருடன், அப்புறம் சத்தியம் செய்துகொடுத்த ஒரு வீரன். கல்கண்டுக் கட்டி மாதிரி பல முகம் வைத்த பகடையை உருட்டி, விழுகிற எண்ணை வைத்து நடப்பதை முடிவு செய்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். அன்றைக்கு அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

"இவன வச்சிக்கிட்டு ஒரு பூட்டக்கூட ஒடைக்க முடியல. எதுக்கெடுத்தாலும் சத்தியம்னு நிக்கிறான்."

"அவனுக்குத்தான எல்லாரையும் விட சக்தி ஜாஸ்தி. அப்ப கட்டுப்பாடும் ஜாஸ்தியாத்தான் இருக்கும். அப்பத்தான் சமமா வரும்."

"என்னா சமம்? கட்டுப்பாடு அவனுக்கு, கஷ்டம் எங்களுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் அம்மாயி சிரிக்கிற?" என்று பேத்தி கேட்டாள். வெங்காயத்தைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதே சண்டையை, இதே வார்த்தையில், நாங்கள் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு போட்டிருக்கிறோம்.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். மழை பெய்தால் பருத்தி, கம்பு, சின்ன வெங்காயம். பெய்யாவிட்டால் அடுத்த வருஷம். அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் மாமாவும் சித்தியும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மாமா அம்மாவுக்குத் தம்பி. சித்தி இரண்டு பேருக்கும் இளையவள். சித்தியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் மாமாவுக்குப் பெண் பார்ப்பது என்று அப்பா சொல்லியிருந்தார்.

சித்திக்கு இடது காது கேட்காது. சின்னதில் அம்மை போட்டபோது போனது என்பார்கள். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. சித்தியிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாட்டுக்குப் பின்னால் போகக் கூடாது என்பது போல வீட்டில் எல்லோருக்கும் கால் பழகிய விஷயம் அது. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் தெரியாது. தெரியவும் கூடாது என்று அம்மா பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் மாமா புளிய மரத்திலிருந்து விழுந்தார். உலுக்கப் போனவர் பழத்தோடு சேர்ந்து தானும் உதிர்ந்தார் என்று அப்பா சொல்லுவார். அரியலூர் ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கொல்லையில், விதை வெங்காயத்தைக் காற்றாட வைக்கிற பட்டறை ஒன்று இருந்தது. மூங்கில் படல் அடைத்து மேலே கூரை வேய்ந்தது. அதன் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாமாவைக் கிடத்தினார்கள். மாமா கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். கால் ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும். பள்ளிக்கூடமும் லீவு. நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

நாங்கள் என்றால் அண்ணன், தம்பி, அடுத்த வீட்டு அத்தை மகன், நான். முறைப்படி அத்தை மகனுக்கு அவர் மாமா இல்லை. எங்களைப் பார்த்து அவனும் மாமா என்றுதான் கூப்பிடுவான்.

மாமா ஒரு கதையைக் கட்டினார். கொல்லைக்கு அப்பால் தெரிகிற கரட்டுக் குன்றுக்கு அடியில் ஒரு பாதாளக் கோட்டை. அதற்குள் பூதங்கள். நாங்கள் உள்ளே போய் வர வேண்டும். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்படி கல்லில் தேய்த்துக்கொண்டோம். உருட்டினால் எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை பலம். ஜெயித்தால் மாமா கொட்டை கொடுப்பார். அதை ஒரு கொட்டாங்குச்சியில் சேர்த்து வைப்போம். கொட்டாங்குச்சி நிரம்பினால் கோட்டை எங்களுடையது. தோற்றால் கொட்டை மாமாவின் பானைக்குத் திரும்பிப் போய்விடும்.

அண்ணன் படைவீரன், அவனுக்கு எப்போதும் ஒரு வெள்ளை கூட. அத்தை மகன் திருடன். உருட்டாமலே ஒரு தரம் எதையாவது எடுத்துக்கொள்ளலாம். தம்பி மந்திரவாதி. அவன் வேறு எதுவாக இருக்கவும் சம்மதிக்கவில்லை.

"நான் மாமா?"

"நீயா? நீ சோறாக்கு."

நான் அழவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். சித்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்:

"அவளுக்கும் ஒரு வேஷம் குடு அண்ணே. புள்ள மொகத்தப் பாரு."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செரி, இவ நோன்புக்காரி. பொய் சொல்லக் கூடாது. யாரையும் அடிக்கக் கூடாது. கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது. எல்லாரும் தின்ன பொறவுதான் திங்கணும். அடிபட்டவங்களத் தொட்டா கொணமாயிடும்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கணக்குப் போட்டேன். அண்ணனுக்கு ஒரு 'கூடாது'கூட இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் 'கூடாது'தான். அவர்கள் சண்டை போட்டுக் கீழே விழுவார்கள். நான் தொட்டுத் தொட்டு எழுப்பிவிடுவேன். அவர்கள் மறுபடி சண்டைக்குப் போவார்கள். கோட்டைக்குள்ளேயும் நான் சோறுதான் ஆக்கிக்கொண்டிருந்தேன்.

"நோன்புக்காரிக்கு என்னா மாமா சக்தி?" என்று கேட்டேன்.

மாமா விளையாட்டை விளையாட்டாக நினைக்கிறவர் இல்லை. மாவுக்கட்டின் மேல் விரலால் தாளம் போட்டபடி ரொம்ப நேரம் யோசித்தார். "நியாயந்தான். கட்டுப்பாடு இருந்தா அதுக்கு ஈடா ஒன்னு இருக்கணும். பொய்யே சொல்லாதவ சொன்னா யாரா இருந்தாலும் நம்பித்தான ஆவணும்? இனிமே நீ சொன்னா பூதமும் நம்பும். உருட்டவே வேணாம்."

அதற்கப்புறம்தான் நிஜமான சண்டை வந்தது. கோட்டை வாசலில் காவல் பூதம். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பூதக் குரலில் கேட்டார்: "யாரு? என்னாத்துக்கு வந்தீங்க?"

"வழி தவறி வந்துட்டோம்" என்றான் அண்ணன்.

"உன்னைக் கேக்கல. அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

நான் சொன்னேன்: "திருட வந்தோம்."

அத்தை மகன் தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்குக் கொட்டாங்குச்சியில் பாதி காலி.

"இவள வச்சிக்கிட்டு ஒரு எலிப்பொறியக்கூட திருட முடியாது மாமா."

"அப்ப உட்டுட்டுப் போங்கடா. அடிபட்டா யாரு தொட்டு எழுப்புவா?"

"கட்டுப்பாடு அவளுக்குன்னா அடி எங்களுக்கா?"

"அவ வேஷத்த நீ வாங்கிக்கிறியா? உன்னுத அவளுக்குக் குடுத்துடு."

அத்தை மகன் வேஷத்தை மாற்றிக்கொள்ளவில்லை. திருடன் இல்லையா, வேறு வழி கண்டுபிடித்தான். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொல்ல முடியும்? தெரியாமல் வைத்துவிட்டால்? அன்றிலிருந்து அவர்கள் திட்டம் போடும்போதெல்லாம், "நோன்புக்காரி, ஆத்துக்குப் போயி தண்ணி மொண்டுக்கிட்டு வா" என்பார்கள். ஆறு கிடையாது. நான் காதைப் பொத்திக்கொண்டு படல் பக்கம் திரும்பி உட்காருவேன். "பொத்தியாச்சா? நல்லாப் பொத்து" என்று அண்ணன் கத்துவான். அந்தச் சமயத்தில் ஒருநாள் சித்தி சிரித்தாள். என்ன சிரிப்பு என்று நான் கேட்கவில்லை. ஒரு காதையாவது திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் தா.பழூரிலிருந்து சித்திக்கு ஒரு வரன் வந்தது. நெல் விளைகிற ஊர். தண்ணீர்க்காரர்கள் எங்கள் வறண்ட பக்கம் பெண் கேட்டு வருவதே பெரிய சங்கதி. அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. லப்பைக்குடிக்காட்டுக்குப் போய்ச் சித்திக்குப் புடவை எடுத்து வந்தாள். காதுச் சங்கதியைச் சொல்லவில்லை. தாலி ஏறிய பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்பது அவள் எண்ணம்.

எங்கள் தெருவில் அப்படிக் கட்டிக்கொடுத்த ஓர் அக்கா இருந்தாள். முதுகில் வெள்ளைத் தழும்பு இருந்ததை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மாசம் போவதற்குள் புருஷன் வீட்டில் பெட்டியோடு கொண்டுவந்து தெருமுனையில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த அக்கா பகலில் வந்து சித்தியோடு புளி ஆய்வாள். பேசவே மாட்டாள்.

அம்மாவும் சித்தியும் அடுப்படியில் பேசிக்கொண்டது ஒன்று என் காதில் விழுந்தது.

"சொல்லிடலாங்க்கா. மறைச்சிக் கட்டிக் குடுத்தா, அங்க போயி நான் தெனம் மறைக்கணும். என்னிக்காச்சும் ஒரு நாளு தெரியத்தான போவுது?"

"வாயக் கட்டிக்கிட்டு இரு. சொன்னா எவன் வருவான்? உன்னால உங்கண்ணனும் நிக்கிறான்."

அந்த 'நிக்கிறான்' என்பதுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமா படுத்தல்லவா கிடந்தார்.

சித்தி அப்புறம் எதிர்த்துப் பேசவில்லை. கொல்லையில் புளியோடு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கோட்டைக்குப் போய்விட்டோம்.

அந்த நாட்களில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் திருவிழா தொடங்கும்போது வேண்டுதல்காரர்கள் மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கட்டினால், திருவிழா முடிந்து கோயிலில் அவிழ்க்கிற வரைக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். கறி மீன் என்று கவிச்சி கூடாது, பொய் கூடாது, எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது.

அத்தை மகனுக்கு என் மேல் சந்தேகம். "இவ பொய் சொன்னா நமக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றான்.

"ஒரு காப்புக் கட்டி உட்டுருவோம். கூத்துல வேஷத்துக்குக் கட்டுற மாதிரி" என்றார் மாமா. அவர் வாய் மூடுவதற்குள் சித்தி எழுந்து உள்ளே போய் நூலும் மஞ்சளும் கொண்டுவந்துவிட்டாள். மாமா கட்டினார். சித்தி முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அவ பொய் சொன்னா எல்லாரோட கொட்டையும் போயிடும்னு வையி அண்ணே. அவளுது மட்டும் போனா அவளுக்கென்ன?"

"அது செரி" என்று மாமா ஒத்துக்கொண்டார். நாலு பேருடைய கொட்டையும் என் நாக்கில் தொங்கியது.

அம்மா பார்த்துவிட்டு மாமாவைத் திட்டித் தீர்த்தாள். "காப்ப வச்சா வெளையாடுவ? அறிவிருக்காடா உனக்கு?" திட்டினாளே தவிர, அவிழ்க்கவில்லை. விளையாட்டோ வினையோ, கையில் ஏறிய காப்பை நினைத்தபடி கழற்றக் கூடாது. திருவிழா முடிந்து கோயிலில்தான் கழற்றணும் என்று சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. எனக்கு மட்டும் ரசம். தம்பி கருவாட்டை என் எதிரிலேயே உறிஞ்சித் தின்றான். அந்த ரசத்தைக் குடித்தபோதுதான் என் நோன்பு விளையாட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது. மாமா கட்டியதை அம்மா நிஜமாக்கிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலையில் அம்மா எங்களை வரிசையாக நிறுத்தினாள். "சித்திக்கு ஒரு கொறையும் இல்ல. யாரு கேட்டாலும் ஒன்னுமில்லன்னு சொல்லணும். வெளங்குச்சா?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள். நான் கையை நீட்டிக் காட்டினேன். "நான் பொய் சொல்லக் கூடாதும்மா."

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். எனக்கு ரசம் ஊற்றியவள் அவள். அத்தை மகன்தான் யோசனை சொன்னான். "அவள தண்ணிக்கு அனுப்பிடுங்க அத்தை. நாங்க அப்படித்தான் செய்வோம்."

இந்தத் தடவை கிணறு நிஜமாகவே இருந்தது. குடத்தைக் கொடுத்து மேலத்தெருக் கிணற்றுக்கு அனுப்பினாள். "மெதுவா வா" என்று பின்னாலேயே வந்து சொன்னாள். தண்ணீருக்கு அனுப்புகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மெதுவாக எப்படி மொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றில் கூட்டமும் இல்லை. மொண்டுகொண்டு வந்துவிட்டேன்.

கொல்லைப்புறமாக நுழைந்து நிலைப்படியில் நின்றேன். கூடத்தில் ஜமக்காளம். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. எங்கள் அப்பா எதிரே முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தியை அம்மா பார்த்துப் பார்த்து உட்காரவைத்திருந்தாள். வந்தவர்கள் பக்கம் வலது காது. கொல்லை வாசல் பக்கம், அதாவது என் பக்கம், இடது காது. மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கெல்லாம் சித்தி சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். களை எடுப்பியா, எடுப்பேன். நாத்து நட்டிருக்கியா, இல்லீங்க, கத்துக்குவேன். எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலைப் பார்த்தார்.

அப்போது சித்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். தாடையை லேசாக அசைத்தாள். வா என்று.

கூப்பிட்டால் போவேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். அவளுடைய இடது பக்கத்தில் உட்கார இடம் காலியாகக் கிடந்தது. கால் பழகியபடி நான் சுற்றிக்கொண்டு, நடுவில் இருந்த வெற்றிலைத் தட்டைத் தாண்டி, வலது பக்கம் போய்க் குனிந்து, "என்னா சித்தி?" என்றேன்.

சித்தி பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் சிரித்தாள்.

"ஏம் பாப்பா, இந்தப் பக்கம் இவ்வளவு எடம் கெடக்கு. தட்டத் தாண்டிக்கிட்டு அங்க போயி ரகசியம் சொல்ற?"

நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அடுப்படி வாசலில் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஜன்னலுக்கு வெளியே மூன்று தலைகள். அண்ணன் கையில் கொட்டாங்குச்சி இருந்தது. அது கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது எனக்குத் தெரியும். மணிக்கட்டில் காப்பு, தண்ணீர் மொண்டதில் நனைந்து மஞ்சள் வழிந்திருந்தது.

"இந்தப் பக்கம் சொன்னா சித்திக்குக் கேக்காதுங்க."

அம்மா ஓடிவந்தாள். "சின்னப் புள்ளைங்க, வெளையாட்டுக்குச் சொல்லுது. நீங்க ஒன்னும் நெனச்சிக்காதீங்க."

மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "காப்புக் கட்டியிருக்கு. காப்புக் கட்டுன புள்ள பொய் சொல்லாதுங்களே" என்றாள்.

மாமா சொன்ன விதி பலித்துவிட்டது. உருட்டவே வேண்டியிருக்கவில்லை.

அவள் எழுந்து சித்திக்கு இடது பக்கமாகப் போய் நின்று, மெதுவாக, "ஏம்மா" என்று கூப்பிட்டாள். அவள் நிழல் சித்தியின் மடி மேல் விழுந்திருந்தது. குரல் கேட்காவிட்டாலும் நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். வீட்டில் நாங்கள் விளையாட்டுக்குச் செய்யும்போது சித்தி அப்படித் திரும்பி எங்களை ஏமாற்றுவாள். அன்றைக்குத் திரும்பவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காது கேக்காதது பெருசில்லீங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவிடம் சொன்னாள். வேறு எது பெரிசு என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, "ஊருக்குப் போயி கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறோம்" என்றார். நான் அதை நம்பி ரொம்ப நாள் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் சொல்லி அனுப்பிய ஆளா என்று பார்ப்பேன்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் அம்மா களி கிண்டுகிற துடுப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஓங்கியவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். காப்புக் கட்டிய பிள்ளையை அடிக்கக் கூடாது. கை அந்தரத்தில் நின்றது. எடுத்த துடுப்பைச் சும்மா வைக்க முடியுமா? ஜன்னலிலிருந்து உள்ளே வந்த அண்ணன் முதுகில் இறங்கியது.

அண்ணன் அழுதுகொண்டே மாமாவிடம் ஓடினான். "நோன்புக்காரிக்கு சக்தி ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சி மாமா. ஒரு வார்த்தையில ஒரு வூட்டு ஆளுங்களத் திருப்பி அனுப்பிட்டா. அடியும் அவ மேல உழல. படைவீரனுக்கு என்னா இருக்கு?"

மாமா பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருடைய கல்யாணமும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. எங்களுக்குத் தீர்ப்பு வேண்டும்.

"பொய் சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்பறம் என்னா?" பானையை இழுத்து, அதிலிருந்து இரண்டு கை கொட்டை அள்ளிக் கொட்டாங்குச்சியில் போட்டார். அது நிரம்பி வழிந்தது. கோட்டை எங்களுடையதாகிவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. தம்பி மட்டும் ஒரு மந்திரம் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்த விளையாட்டு நடக்கவில்லை. மாமாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள், பள்ளிக்கூடம் திறந்தது. அம்மா சித்தியோடு பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நாள் ஆனது. என்னோடு சீக்கிரமே பேசிவிட்டாள். தண்ணீருக்கு ஆள் வேண்டுமே.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிற அன்று சித்திதான் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நூல் கறுத்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம். அதை ஈரக் கையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"இனிமே நீ பொய் சொல்லலாம்டி."

எனக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. "கருவாடு திங்கலாமா சித்தி?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பூசாரி திரும்பிப் பார்த்தார்.

சித்திக்குப் பிறகு அரியலூரில் கல்யாணம் ஆனது. தையல்காரர். காதுச் சங்கதியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சித்தி தன் வாயாலேயே சொன்னாள். அம்மா தடுக்கவில்லை. ஆகாகாவென்று வாழ்ந்தாள் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கோபம் அதிகம். அவர் கத்த ஆரம்பித்தால் சித்தி பேசாமல் எழுந்து, கேட்காத காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி மாறி உட்கார்ந்து, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். நானே பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கச் சொன்ன காது, அந்த வீட்டில் எல்லோரும் பார்க்க உழைத்தது. மாமாவுக்கும் அடுத்த வருஷமே கல்யாணம் நடந்துவிட்டது.

இப்போது பேத்தியோடு படிக்கிற பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு அந்தக் கொல்லை கண்ணில் வந்தது. பட்டறையின் அந்தப் பக்கம் நல்ல நிழல் இருந்தது. சித்தி அங்கே உட்கார்ந்து புளி ஆய்ந்திருக்கலாம். மாமாவின் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, வெயில் விழுகிற இந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வலது தோளை எங்கள் பக்கம் வைத்து. நிழலை விட்டுவிட்டு ஏன் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. நாங்கள் பேசியது ஒன்றுவிடாமல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. தன் வாயால் சொல்ல விடாத சங்கதியை யார் வாயில் வைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே நினைத்து எனக்கு வேஷம் கேட்டாளா, வரன் வந்த பிறகு தோன்றியதா, அது தெரியாது. அந்தக் கோடை முழுக்க நான் என் கொட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதில் தப்பு இருந்தால் திருத்த வேண்டும். அரியலூரில் இருக்கிற சித்தி மகளிடம் யாராவது கேட்டால் நல்லது. இடது காது என்று எழுதியிருக்கிறேன். வலது காதாகவும் இருக்கலாம். புடவை என்ன நிறம் என்பதும் மறந்துவிட்டது. இன்னொன்று. அண்ணன் இன்றைக்கும் சொல்கிறான், சித்தி தாடையை அசைக்கவே இல்லையாம். வியர்வையை முந்தானையில் துடைத்தாளாம். நானாகத்தான் உள்ளே போனேனாம். அவன் ஜன்னலில் இருந்தான், எதிரே இருந்து பார்த்தவன். நான் நிலைப்படியில் இருந்தேன். என்னைக் கூப்பிட்டாள் என்றுதான் எனக்கு ஞாபகம். சித்தி தன் மகளிடம் எப்போதாவது இதைச் சொல்லியிருக்கிறாளா, கூப்பிட்டேன் என்று சொன்னாளா என்பதை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.